உள்பக்கக் காவல்

கான்கிரீட் போடுகிறவனுக்குப் பெண் கொடுக்காதே என்று யாராவது என் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல நாதியில்லை, கொடுத்துவிட்டார். அதோடு போகட்டும் என்று வீட்டில் உட்காராமல் நானும் போய் அதே வேலையில் இறங்கினேன் பாருங்கள், அதற்கு யாரைத் திட்டுவது? வீட்டில் இருந்தால் அந்த ஆளோடு பேசவே நேரம் கிடைக்காது, வேலை இடத்துக்குப் போனால் சண்டையாவது போடலாம் என்றுதான் போனேன். சண்டைக்கு ஒரு நாளும் குறைவில்லை.

நாங்கள் மொத்தம் நான்கு பேர். என் வீட்டுக்காரர்தான் மேஸ்திரி. அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், அவருக்கு வலது கை. மூன்றாவது ஆள் கழுத்தும் காலும் நீண்டு வளர்ந்த ஒருவன். எல்லோரும் அவனை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவோம், அவனும் திரும்பிப் பார்ப்பான். நாலாவது நான். வீட்டு முன்னால் கார் ஏறும் பாதை, கடை வாசலில் நடைபாதை, கிடங்குக்குள் லாரி நிற்கும் தளம், எது கேட்டாலும் போட்டுக் கொடுப்போம். எங்கள் தளம் வெடித்தது, உரிந்தது என்று யாரும் ஆளனுப்பியது கிடையாது. அதில் அவருக்குத் தலைக்கனம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், வீட்டுக்கு வந்து என்னிடம் காட்டுவார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கையில் பிடித்திருந்த மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் படத்தைக் காட்டி, இரத்தக் குழாயில் எங்கெங்கே அடைப்பு என்று விரல் வைத்துச் சொன்னார். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். அதுவரைக்கும் வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த தடவை வலி வந்துச்சுன்னா யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்கம்மா. அடுத்தது உங்களுக்காகக் காத்திருக்காது," என்றார்.

அந்த வார்த்தையை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. ஆனால் இவர் கட்டிலில் போய்ப் படுக்க வேண்டுமே. இந்தத் தளம் முடியட்டும் என்பார். அது முடியும். அடுத்ததற்கு முன்னாலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பார். நானும் கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்த வாரம் நிம்மதியாக இருந்ததாகத் தம்பியிடம் சொன்னாராம். கடைசியில் நானே போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை காலையில் வந்து சேரச் சொன்னார்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், இந்த மனிதரைத் திங்கட்கிழமை வரைக்கும் உயிரோடு வைத்திருந்து அந்தக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டால் போதும். சனிக்கிழமை ஒரு வேலை பாக்கி இருந்தது. அதையும் விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அது வரிசை வீடுகளில் ஒன்று. தெருவிலிருந்து வாசல்படி வரைக்கும் கார் ஏறும் பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே சுவர். சுவரின் தலையில் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. பழைய தளம் பாளம் பாளமாகக் கிளம்பிக் கிடந்ததை முதல் நாளே உடைத்து அள்ளிவிட்டோம். வீட்டுக்கார அம்மா தனியாக இருப்பவர். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "நான் பின் சந்து வழியா வந்துக்கறேன், நீங்க நிதானமா போடுங்க," என்று சொல்லிவிட்டு வாசல் கதவை உள்ளே தாழ் போட்டுப் பூட்டிக்கொண்டு பின்வழியாகப் போனார். அவர் வேலை பார்க்கும் இடத்தில் போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம்.

இந்த மாதிரி இரண்டு பக்கமும் சுவர் உள்ள இடத்தில் ஒரு தொந்தரவு உண்டு. பக்கவாட்டில் நின்று தேய்க்க முடியாது. அதனால் நீளமான கழியில் தேய்ப்புக்கட்டையையும் துடைப்பத்தையும் மாட்டி, பாதித் தளத்தைத் தெருப்பக்கம் இருந்து ஒருவர் முடிப்பார், மீதிப் பாதியை வாசல்படியில் நின்றுகொண்டு இன்னொருவர் முடிப்பார். படியில் நிற்கிறவர் அதற்கப்புறம் வெளியே வர முடியாது. முன்னால் ஈரத் தளம், பின்னால் பூட்டின கதவு. பலகை போட்டு நடக்கிற அளவுக்கு அது இறுகும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்களுக்குள் அதற்கு உள்பக்கக் காவல் என்று பெயர். பூனை, காக்கை எது வந்தாலும் விரட்ட வேண்டியது காவல்காரர் பொறுப்பு. எப்போதும் அவர்தான் அந்தக் காவல். அடுத்தவர் வீட்டு வாசலில் சொந்தக்காரர் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்துகொள்வதில் அவருக்கு ஒரு ஆனந்தம்.

"இன்னைக்குத் தம்பி உள்ள இருக்கட்டும்," என்றேன்.

"அவன் கோடு இழுத்தா பாம்பு போன தடம் மாதிரி இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டுமே. அது மேல கார்தான ஏறப் போகுது, உங்களை மாதிரி குனிஞ்சு யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

கொழுந்தன் சிரித்தான். "விடுங்க அண்ணி. நான் போட்டா பொறவு என்னைத்தான் வாழ்நாள் பூராச் சொல்லிக் காட்டுவாரு."

"உக்காந்துதான இருக்கப் போறேன், நிழல்ல," என்றார் அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். "திங்கக்கெழம அங்க போய்ப் படுக்கறதுக்கு இன்னைக்கே ஒத்திகை பாத்துக்கறேன்."

வாய்க்கு மட்டும் குறைவில்லை. நான் விட்டுவிட்டேன். ஜல்லி அள்ளுவதில்லை, தள்ளுவண்டி தள்ளுவதில்லை, கழி மட்டும்தான் பிடிப்பேன் என்று என் முன்னால் ஒத்துக்கொள்ளச் செய்துவிட்டுத்தான் விட்டேன்.

ரெடிமிக்ஸ் லாரி வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. சட்டம் அடித்து, கம்பி வலை விரித்து எல்லாம் தயாராக இருந்தது. பூட்ஸ் போட்டுக்கொண்டு மூன்று பேரும் கலவைக்குள் இறங்கினோம். கணுக்கால் முங்க மிதித்துக்கொண்டு இழுத்தோம், தள்ளினோம், கம்பியைத் தூக்கிவிட்டோம். அவர் படியில் நின்றபடி, "மூலைல சேரல, மூலையப் பாரு" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். மட்டப்பலகையை இரண்டு பக்கமும் பிடித்து ரம்பம் மாதிரி இழுத்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து தெருவுக்கு வந்து சேர்ந்தோம். வரும்போது எங்கள் கால் பட்ட பள்ளமெல்லாம் கூடவே மூடிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. அப்படித்தான் வழக்கம். கலவையாக இருக்கிறவரைக்கும் எருமை மாதிரி புரளலாம், மட்டம் எடுத்துவிட்டால் அப்புறம் அது தளம். தளத்தில் கால் வைக்கக் கூடாது. இதை எங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில்லை. கை தானாகச் சூட்டிலிருந்து விலகுகிற மாதிரி எங்கள் கால் விலகிக்கொள்ளும்.

மேலே தண்ணீர் கசிந்து நின்றது. அது வற்றுவதற்கு முன்னால் தேய்த்தால் மேல்தோல் பின்னால் உரிந்துவிடும் என்பதால் காத்திருந்தோம். மினுமினுப்பு போனதும் அவர் அங்கிருந்து தேய்த்தார், கொழுந்தன் இங்கிருந்து தேய்த்தான். கடைசியாகத் துடைப்பக் கோடு. ஈரத்தில் கார் வழுக்காமல் இருக்க மெல்லிய கோடு கோடாக இழுக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் அந்த வேலை எனக்கும் அவருக்கும் மட்டும்தான், என் கை லேசு என்பதால். நடுவிலிருந்து என் பக்கம் நான் இழுத்தேன், நடுவிலிருந்து அவர் பக்கம் அவர் இழுத்தார். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது எது அவர் கோடு, எது என் கோடு என்று எனக்கே தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

லாரி போய்விட்டது. ஒட்டகம் டீ வாங்கி வந்தான். ஒரு டீயைப் பையில் கட்டி, கழி நுனியில் தொங்கவிட்டு, தளத்துக்கு மேலாக அவருக்கு நீட்டினோம். சிந்தாமல் எடுத்துக்கொண்டார். நான் தெருக்குழாய் அடியில் உட்கார்ந்து கரணைகளைக் கழுவ ஆரம்பித்தேன்.

கழுவிக்கொண்டே தலையைத் தூக்கியபோது அவர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டீ குடிக்காமல் பக்கத்தில் இருந்தது.

"என்னங்க பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல. வாயு."

"வாயுவுக்கு எதுக்குத் தோளைத் தேய்க்கறீங்க?"

நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டார். நிழலில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு அப்படி வேர்க்க வேண்டிய காரணமே இல்லை. கரணையைப் போட்டுவிட்டு எழுந்து தளத்தின் விளிம்புக்கு ஓடினேன். ஓடின வேகத்தில் விளிம்பில் நின்றுவிட்டேன். கால் தானாக நின்றது.

"வலிக்குதா? உண்மையச் சொல்லுங்க."

"கொஞ்சம் பிடிக்குது. சரியாயிரும். நீ ஊரைக் கூட்டாத."

மாத்திரை எங்கே என்று கேட்டேன். சட்டைப் பையில். சட்டை எங்கே? எங்கள் வண்டியின் கதவில் தொங்குகிறது. அந்த ஆளை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. சட்டையைப் பிடுங்கிப் பையைத் துழாவி மாத்திரையை எடுத்தேன். எறியக் கையைத் தூக்கினேன்.

"எறியாதீங்க அண்ணி," என்று கொழுந்தன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "தளத்துல விழுந்தா எப்படி எடுக்கறது?"

அவன் சொன்னது சரிதான் என்றே எனக்கும் பட்டது. மாத்திரையைத் துணியில் முடிந்து கழி நுனியில் கட்டினோம். டீயைவிட அது லேசு, ஆனால் அவசரத்தில் நீட்டினோம். நுனி அங்கும் இங்கும் ஆடியது. ஒட்டகம் தன் நீளக் கையை முழுவதும் நீட்டி, விளிம்பில் முட்டி போட்டுப் பிடித்தான். அவர் படியின் ஓரத்துக்கு வந்து எட்டி எடுத்தார். முடிச்சை அவிழ்த்து நாக்குக்கு அடியில் வைத்ததைப் பார்த்த பிறகுதான் மூன்று பேரும் மூச்சுவிட்டோம். தளத்தில் ஒரு கீறல் இல்லை. ஒட்டகம் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான், ஏதோ சாதித்துவிட்ட மாதிரி. நானும் பதிலுக்குச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கொழுந்தன் ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் செய்தான். வந்துகொண்டே இருக்கிறோம் என்றார்களாம். வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நான் பக்கத்து வீட்டு மணியை அழுத்தினேன். ஈ காக்கா இல்லை. மறுபக்கத்து வீட்டிலும் அதே கதை. எல்லோரும் வேலைக்குப் போகிற தெரு அது.

"பலகை போட்டு நடந்து போயிரலாமா?" என்று ஒட்டகம் கேட்டான்.

"இப்ப பலகை போட்டா முழுசா உள்ள போயிரும். நடுவுல பெரிய பள்ளம் விழும்," என்றான் கொழுந்தன். "பின்சந்து வழியா சுவர் ஏறிக் குதிச்சு உள்ள போயிரலாம். பின்கதவ உடைச்சுட்டு வீட்டுக்குள்ள பூந்து வாசக் கதவத் தொறந்துட்டா, அண்ணன அந்த வழியாவே தூக்கிட்டுப் போயிரலாம். வண்டியையும் பின்சந்துக்கு வரச் சொல்லிரலாம்."

எவ்வளவு தெளிவாக யோசித்தான் பாருங்கள். அடுத்தவர் வீட்டுக் கதவை உடைக்கலாம் என்று தோன்றியது அவனுக்கு. கண்ணாடிச் சில்லு பதித்த சுவரில் ஏறலாம் என்று தோன்றியது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. நான் அவனைப் போ போ என்று விரட்டினேன். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் தெருவைச் சுற்றி ஓடினார்கள். அந்த வரிசை முடிந்து திரும்பினால்தான் பின்சந்து, நல்ல தூரம்.

நானும் அவரும் மட்டும் இருந்தோம், நடுவில் தளம். அவர் கதவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"ஏங்க."

"ம்."

"தூங்காதீங்க. கண்ணைத் தொறந்து பேசுங்க."

"நீ பேசுறதுல நான் எங்க தூங்கறது."

"நான் வரேன் அங்க."

கண்ணைத் திறந்தார். "கால வச்ச, நடக்கறதே வேற. இவ்ளோ பாடுபட்டது எதுக்கு? மாத்திரை கேக்குது. விட்டுப் போச்சு வலி."

"சத்தியமா?"

"விட்டுப் போச்சுன்னு சொல்றேன்ல."

முகம் சாம்பல் பூத்திருந்தது. அது எனக்குத் தெரிந்தது. வலி விட்டுப் போன முகமில்லை அது. நம்ப வேண்டும்போல் இருந்தது, நம்பினேன்.

அப்போது ஒரு ஆள் கையில் பெட்டியோடு வந்தான். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன். நம்பரைப் பார்த்துக்கொண்டே வந்தவன் படியில் சாய்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டான்.

"அம்மா, அங்க ஒருத்தரு ஒரு மாதிரி இருக்காரே. உங்க ஆளா?"

"நெஞ்சு வலி," என்றேன். "வண்டிக்குச் சொல்லியிருக்கோம்."

"நெஞ்சு வலியா? அப்ப தனியா விட்டுட்டு இங்க நிக்கறீங்க?" என்று கேட்டவன், என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியைச் சுவரோரம் வைத்தான். தளத்துக்குள் காலை வைத்தான். அவ்வளவு சாதாரணமாக, தெருவில் நடக்கிறவன் அடுத்த அடி வைக்கிற மாதிரி வைத்தான். செருப்பு புதைந்தது.

"டேய், காலை எட்றா!"

அது என் வீட்டுக்காரரின் குரல். நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டு வரும் குரல். கிடங்கின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கிற குரல். கதவிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நீட்டிக் கத்தினார். பார்சல்காரன் அரண்டு போய்க் காலைப் பின்னால் எடுத்துவிட்டான்.

"ஸாரி சார், ஸாரி. பாக்கல," என்றான்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்படிக் கத்த முடிகிற மனிதருக்கு ஒன்றும் ஆகாது. வாயுதான், வாயுவேதான். இத்தனை நேரம் வீணாகப் பயந்து செத்தேன் என்று அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்தக் குரலுக்காக அந்தப் பார்சல்காரனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அதை மூடு," என்றார் என்னைப் பார்த்து. இந்தத் தடவை குரல் சன்னமாக வந்தது. கத்தினதில் களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"மூடுறேன். நீங்க பேசாம சாஞ்சுக்கங்க."

கால் தடம் விளிம்பிலிருந்து ஒரு எட்டில்தான் இருந்தது. ஓரத்தில் முட்டி போட்டால் கைக்கு எட்டும். சட்டியின் அடியில் ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டி எடுத்தேன். செருப்பு அழுந்திய பள்ளத்தில் வைத்து விரலால் குத்தி, காற்று இல்லாமல் இறுக்கினேன். கரணையால் வழித்தேன். மேலே தேய்ப்புக்கட்டையை வட்டமாகச் சுற்றினேன். ஒட்டுப் போட்டது தெரியாமல் ஓரங்களைப் பழைய தளத்தோடு கரைத்துவிட வேண்டும், அதுதான் கஷ்டம். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும், அதனால் பொறுமையாகச் செய்தேன். பார்சல்காரன் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் நின்று, "அம்மா, அவரு..." என்று ஏதோ ஆரம்பித்தான். "இருப்பா ஒரு நிமிஷம்," என்றேன். துடைப்பத்தை எடுத்து, தண்ணீரை உதறிவிட்டு, இருக்கிற கோட்டின் மேல் கோடு வருகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தேன். சேர்ந்துவிட்டது. சொன்னால்கூட அங்கே யாராவது மிதித்தார்கள் என்று நம்ப முடியாது.

"இப்ப பாருங்க," என்று நிமிர்ந்தேன். "தெரியுதா?"

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூடிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததால் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

ஒரு ஈ வந்து அவர் உதட்டில் உட்கார்ந்தது. அவர் விரட்டவில்லை.

நான் தளத்தில் இறங்கினேன். பூட்ஸைக் கழற்றி வண்டியில் போட்டிருந்தேன், வெறும் செருப்புதான். இரண்டாவது அடியில் ஒரு செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டது, அடுத்த அடியில் இன்னொன்று. வெறுங்காலில் கம்பி வலை குத்தியது. ஓடினேன். எவ்வளவு நேரம் ஆனது என்று நினைக்கிறீர்கள்? மூச்சு வாங்கக்கூட இல்லை. வீட்டில் சமையலறையிலிருந்து வாசலுக்கு வந்து கதவு திறக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா தூரம் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை என் பக்கம் சரிந்தது. கீழே படுக்க வைத்து நெஞ்சில் கையை வைத்து அழுத்தினேன். யாரோ செய்ததை எங்கோ பார்த்த ஞாபகத்தில் அழுத்தினேன். சரியாக அழுத்தினேனா தெரியாது. கன்னத்தில் அறைந்தேன். "எந்திரிங்க, திங்கக்கெழம போகணும்ல, எந்திரிங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கையிலிருந்த கலவை அவர் சட்டையில்லாத நெஞ்சில் அப்பிக்கொண்டது. உடம்பில் சூடு இருந்தது, அது மட்டும்தான் இருந்தது.

"நான் வரட்டுமாம்மா?" என்று பார்சல்காரன் விளிம்பில் நின்றுகொண்டு கேட்டான். இத்தனைக்குப் பிறகும் அவன் அனுமதி கேட்டான். பாவம், அவனையும் எங்களை மாதிரி ஆக்கிவிட்டோம்.

"வாப்பா, வந்து பிடிப்பா," என்றேன்.

அவன் குனிந்து தரையைப் பார்த்துப் பார்த்து வந்தான். தளம் இன்னும் கெட்டுவிடக் கூடாது என்று என் கால் பதிந்த பள்ளங்களாகத் தேடி அதிலேயே கால் வைத்து வந்தான். வந்து என் எதிரே உட்கார்ந்து அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்தான். அப்புறம் கழுத்தில் வைத்தான். என் முகத்தைப் பார்க்காமல் கையை எடுத்துக்கொண்டான்.

அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், அழவில்லை. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. காத்திருக்காது என்று சொன்ன டாக்டரை, போன் எடுக்காத அந்த அம்மாவை, என் மடியில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கிடக்கிற இந்த ஆளை. உயிர் போகிற நேரத்தில் ஒரு வார்த்தை பேச முடிந்திருக்கிறது இவருக்கு, அதைக் கொண்டுபோய் எதற்குச் செலவு செய்தார் பாருங்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். வா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வந்திருப்பேனே. சொல்லாமலே வந்திருக்க வேண்டியவள் நான். கண்ணை மூடிவிடக் கை போனது. கையெல்லாம் சிமெண்ட், கண்ணில் பட்டால் எரியுமே என்று முந்தானையில் துடைத்துவிட்டு மூடினேன்.

வீட்டுக்குப் பின்னால் கடப்பாரை இரும்பில் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு பக்கச் சுவருக்கு மேலே கொழுந்தனின் தலை தெரிந்தது. பின்கதவு இரும்பாம், உடையவில்லையாம். பக்கத்து வீட்டுப் பின்சுவர் ஏறி, அவர்கள் முற்றம் வழியாக வந்து, அந்தச் சுவரில் தொற்றிக்கொண்டிருந்தான். அவன் உள்ளங்கை கிழிந்து சுவரில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை. மூச்சு இரைக்க, மேலிருந்து கீழே பார்த்தான். தளம் முழுக்கத் தெருவிலிருந்து படிவரைக்கும் குழி குழியாகக் கிடந்தது, நடுவில் என் செருப்பு இரண்டும் பாதி புதைந்து நின்றன.

"ஐயோ அண்ணி," என்றான். "யாரு மிதிச்சது?"

"நான்தான் தம்பி," என்றேன்.

அதற்கப்புறம்தான் அவன் தன் அண்ணனைப் பார்த்தான்.